சிவக்காத காயம்

அன்று காலை அவன் தும்மவில்லை.

அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் தளதளவென்று கொதித்துப் பாதி வற்றிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் பொழுது விடிவதே அவள் கணவனின் தும்மலோடுதான். அவனுக்குத் தானியக் கிடங்கில் மேற்பார்வை வேலை. எந்நேரமும் உமியும் தூசும் பறக்கிற இடம். காலையில் கண்விழித்துக் கால் தரையில் பட்டதும் ஆரம்பிக்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும், கீழ்வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டு வீல் என்று கத்தும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய அவன் துண்டைத் தேடித் தடவுவான். கிடங்கில் அவனுக்குப் பேரே 'தும்மல் சார்'தான். "உங்களைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரே ஒரு லாபம், அலாரம் வாங்குற செலவு மிச்சம்" என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெயில் கற்றையில் தூசித் துகள்கள் மெல்லச் சுழன்று, ஒவ்வொன்றாக அவன் முகத்தருகே இறங்கி, மூச்சோடு உள்ளே போய்க்கொண்டிருந்தன. அவன் நிதானமாக, ஆழமாக, பூ முகர்கிறவனைப்போல இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, தும்மலையா?"

"அட, ஆமா!" அவனுக்கே ஆச்சரியம். "மூக்கு அடைப்புகூட இல்ல பாரேன். நேத்து அந்தப் பழைய அறையைத் திறந்தோம்ல, அந்தத் தூசுக்கு இன்னிக்கு நான் எழுந்திருக்கவே கூடாது. அதிசயமா இருக்கு."

அந்த அறையைப் பற்றி அவன் முந்தின நாளே சொல்லியிருந்தான். கிடங்கின் பின்புறம், யார் எப்போது பூட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு அறை. புதுச் சரக்குக்கு இடம் போதாமல் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். அவனும் மூட்டை தூக்கும் பெரியவரும்தான் முதலில் உள்ளே போனவர்கள். மக்கிப்போன தானியம் குவியல் குவியலாகக் கிடந்ததாம். அதன் மேல் சாம்பல் நிறத்தில், மாவைவிட நைசாக ஏதோ படிந்திருந்ததாம். துருப்பிடித்த தகரக் கதவு அவன் உள்ளங்கையைக் கிழித்தது. வீடு வந்தபோது புருவத்திலும் காலர் மடிப்பிலும்கூட அந்தச் சாம்பல் இருந்தது. அவள் கையைக் கழுவி மருந்து வைத்துக் கட்டி, அவனைக் குளிக்க அனுப்பினாள். சட்டையை வாளியில் போடுமுன் முகர்ந்து பார்த்தாள். ஈரத்தில் நனைந்த ரொட்டியின் வாசனை. அதற்கடியில் லேசான ஒரு தித்திப்பு. மோசமில்லை. அதனாலோ என்னவோ, இன்னொரு முறை முகர்ந்தாள்.

"கையைக் காட்டுங்க, கட்டு மாத்திடுறேன்."

காயம் அவளுக்குத் தொழில். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் நர்ஸ். வீங்கிவிட்டதே என்று புலம்புகிறவர்களிடம் அவள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: "வீங்குனா நல்லதுதான். உள்ள ஆளுங்க வேலைக்கு வந்துட்டாங்கன்னு அர்த்தம். சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். உடம்பு சும்மா இல்லை, எதிர்த்து நிக்குதுன்னு அது சொல்ற பாஷை. சீழ்ங்கிறது என்ன தெரியுமா? அந்தச் சண்டையில செத்தவங்க."

கட்டைப் பிரித்தாள். பஞ்சு ஒட்டிக்கொள்ளாமல் உதிர்ந்தது. அதில் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. உள்ளங்கையின் குறுக்கே வெட்டு அப்போதுதான் விழுந்ததுபோல் இருந்தது. ஓரங்கள் கூடவில்லை, தடிக்கவில்லை. சுற்றியிருந்த தோல் எப்போதும்போல் வெளிறிக் கிடந்தது. விரலால் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"நீ தொடுறது தெரியுது. வலியெல்லாம் இல்ல."

கை குளிர்ச்சியாக இருந்தது. இப்போதுதான் முகம் கழுவியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிலருகே ஈரத்துண்டு எதுவும் இல்லை என்பதை அவள் கண் பார்த்தது. மனசு அதைத் தள்ளிவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். மாடிப்படியைச் சீட்டியடித்துக்கொண்டே ஏறினான். தெருவில் பாதிப்பேர் சளியும் இருமலுமாகச் சுருண்டு கிடக்க, அவன் மட்டும் மழையில் நனைந்து வந்து தலை துவட்டாமல் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "புண் ஆற கொஞ்சம் லேட்டாகுது, அவ்வளவுதான். சீழ் வைக்காத வரைக்கும் சந்தோஷப்படு" என்று சர்க்கரைக்கு மட்டும் ரத்தம் பார்க்க எழுதிக்கொடுத்தார். சர்க்கரை இல்லை.

ஆனால் அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கொசு அவன் கழுத்தில் உட்கார்ந்து வயிறு புடைக்கக் குடித்துவிட்டுப் பறக்கும். அந்த இடம் தடிக்காது. கொதிக்கிற தேநீரை அப்படியே விழுங்குவான். நாக்கை இழுத்துக்கொள்ள மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக் கொடுத்தான், அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அவன் கண் கண்ணாடிக் கோலிபோல வறண்டு பளபளத்தது. போர்வைக்குள் அவன் பக்கம் மட்டும் தரையைப்போல் சில்லென்று இருந்தது. அப்புறம் அந்த வாசனை. சட்டையைத் துவைத்து எத்தனையோ நாளாகிவிட்டது. நனைந்த ரொட்டி வாசனை இப்போது தலையணையில் வந்தது.

அவன் காயத்திலிருந்து கொஞ்சம் துடைத்தெடுத்ததையும் விரல் நுனி ரத்தத்தையும் ஒரு மதிய வேளையில் லேப் அக்காவிடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் காலம் காலமாக இருப்பவள் அவள். ஆஸ்துமாக்காரி. பத்தடி நடந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் இழுக்கும். அதையும் மீறிப் பேசிக்கொண்டே இருப்பாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் வெகுநேரம் பேசவில்லை. அதுவே இவளுக்குப் பயமாக இருந்தது.

"சாயம் போடாம ஒரு சொட்டு அப்படியே வச்சுப் பார்த்தேன்டி," என்றாள் கடைசியில். "வெள்ளையணு நிறைய இருக்கு. உயிரோடதான் இருக்கு. ஊர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. நூல் மாதிரி ஏதோ ஒண்ணு நடுவுல கிடக்கு. நியாயமா இதுங்க எல்லாம் ஓடிப்போய் அதைச் சுத்தி வளைச்சுத் தின்னணும்ல?"

"ஆமா."

"ஒதுங்குதுங்க. யாராவது பெரிய மனுஷங்க வந்தா நாம ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுவோமே, அந்த மாதிரி." மூச்சு இழுத்தது அவளுக்கு. கையுறை போடாத விரலால் கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நீயே பாரேன்."

அவள் பார்க்கவில்லை. "அக்கா, கையைக் கழுவுங்க" என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை.

அன்றைக்கே மூட்டை தூக்கும் பெரியவரின் வீட்டைத் தேடிப் போனாள். அவனோடு உள்ளே போனவர் அவர் ஒருவர்தான்; சில நாளாக வேலைக்கு வரவில்லை என்று அவன் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தான். வெயில் சாயாத வேளை. தெருவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல்கள் அடைத்திருந்தன. கதவைத் திறந்த பெரியவரின் மனைவி சிரித்த முகமாக இருந்தாள்.

"வாம்மா, வா. தும்மல் சார் வீட்டுக்காரம்மாதானே? அவருக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்காரு. ராவெல்லாம் இருமிக்கிட்டுக் கிடந்த மனுஷன், இப்ப ஒரு சத்தம் கிடையாது. எனக்கும் மூட்டுவலி போயிருச்சு, பாரேன்!"

உள்ளே இருட்டு. ஈரம். மழை பெய்து ஓய்ந்த பிறகு மரத்தடியில் குனிந்தால் அடிக்குமே, அந்த வாசனை, ஆனால் மூக்கிலே அடைக்கிற அளவுக்கு. பெரியவர் சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முழங்காலில் ஒரு சிராய்ப்பு, சிவக்காமல். கணுக்காலில் இன்னொன்று, ஆழமாக. ஓர் ஈ அவர் கன்னத்தில் உட்கார்ந்தது. ஏறியது. இமை ஓரத்தில் நின்று காலைத் தேய்த்துக்கொண்டது. பிறகு விழித்திருந்த கண்ணின் மேலேயே நடந்து, கருவிழியைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கியது.

அவர் இமைக்கவில்லை.

"உக்காரும்மா," என்றார் அன்பாக.

அவள் உட்காரவில்லை. மனைவி ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து அவர் காது மடலைப் பிடித்து, உள்ளே அடர்ந்திருந்த சாம்பல் நிறப் பூஞ்சணத்தை வழித்தெடுத்தாள், குழந்தைக்கு முகம் துடைக்கிறவளைப்போல. "அப்பப்ப துடைச்சுவிட்டா போயிடுது," என்றாள்.

"ஐயா... உங்களுக்கு உடம்புல வேற ஒண்ணும் தெரியலையா?"

பெரியவர் யோசித்தார். பேசும்போது அவர் தொண்டைக்குள் ஏதோ மெத்தென்று அசைந்தது.

"அமைதியா இருக்கும்மா. இத்தனை வருஷமா உள்ள ஒரே சண்டை. எனக்கே தெரியாம நடந்திருக்கு. இப்பத்தான் ஓய்ஞ்சிருக்கு."

தெருவுக்கு வந்தபின்தான் அவள் மூச்சு விட்டாள். எவ்வளவு நேரமாக அடக்கியிருந்தாள் என்று தெரியவில்லை. ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், வேண்டுமென்றே, நெஞ்சு நோக இருமினாள். இருமல் வந்தது. அது போதும் என்றிருந்தது.

வீடு வந்தபோது அவன் ஜன்னல்களை அடைத்துக்கொண்டிருந்தான்.

"காத்து வேண்டாம்னு தோணுச்சு," என்றான்.

அவள் சமையலறைக்குப் போய் மிளகை இடித்தாள். கிண்ணத்தில் கொட்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதை இழுங்க."

"எதுக்கு?"

"எனக்காக. இழுங்க."

அவள் சொன்னால் தட்டுகிறவன் இல்லை. கிண்ணத்தை வாங்கி, மூக்கை உள்ளே விட்டு, நெஞ்சு விரிய இழுத்தான். நிமிர்ந்தான். மூக்கு நுனியெல்லாம் கறுப்புத் தூள். அவளைப் பார்த்துச் சிரித்தான். அறைக்குள் மிதந்த காரத்தில் அவளுக்குத்தான் தும்மல் தும்மலாக வந்தது. கண் எரிந்து கொட்டியது. அவன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"பாவம், உனக்கு எவ்வளவு கஷ்டம்," என்றான். மனசாரச் சொன்னான்.

கட்டை அவிழ்த்தாள். வெட்டு முன்னைவிட அகலமாக இருந்தது. விளக்கைப் பக்கத்தில் இழுத்துக் குனிந்தாள். உள்ளே சதை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மெத்து மெத்தென்று ஏதோ பரவியிருந்தது, பழைய கம்பளியின் அடிப்பக்கம்போல. கையுறை மாட்டிக்கொண்டு இடுக்கியால் அதன் நுனி ஒன்றைப் பிடித்தாள். இழுத்தாள். நூலாக வந்தது. அறுந்துவிடும் என்று நினைத்தாள். அறுபடவில்லை. வந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டுத் தோலுக்கடியில் ஒரு கோடு புடைத்து நகர்ந்தது. முழங்கையில் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

அவனுடைய இடது கண் மெல்ல மூடியது.

விட்டாள். திறந்தது.

"விட்டுரும்மா," என்றான் அவன். "இருந்துட்டுப் போகட்டும். அது ஒண்ணும் பண்ணலையே."

அவள் பின்னால் நகர்ந்தபோது இடுக்கியின் கூர் கையுறையைக் கிழித்து ஆள்காட்டி விரலில் ஏறியது. குளியலறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, தோல் உரியத் தேய்த்தாள். விடியட்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், அவனையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, ஈரத்தரையிலேயே சுருண்டாள். வெளியே அவன் கதவருகே நின்றிருந்தான். மூச்சுச் சத்தம் கேட்டது. தடங்கலில்லாத, சீரான, ஆழமான மூச்சு.

விடிந்தபோது விரல் சிவந்திருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவந்து, பளபளவென்று வீங்கி, இதயத் துடிப்போடு சேர்ந்து விண் விண் என்று தெறித்தது. முழங்கை வரைக்கும் ஒரு செங்கோடு ஏறியிருந்தது. அக்குளில் நெறி கட்டி, கையைத் தூக்க முடியவில்லை. பல் கிட்டிக் குளிர் உதறியது. நெற்றியைத் தொட்டாள், நெருப்பு. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். ஆளுங்க வந்துட்டாங்க. எனக்கு ஆளுங்க இருக்காங்க. என் உடம்பு சண்டை போடுது.

எழுந்து நடக்கக் கால் நிற்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கியதுதான் தெரியும். அவன் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினான். போனை அவள் கேட்டதும் தந்தான். எதையும் அவன் தடுக்கவில்லை. லேப் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வண்டி எடுத்துக்கிட்டு வாங்க. என்னை இங்கிருந்து கூட்டிட்டுப் போங்க. யார் கேட்டாலும் காய்ச்சல் மாத்திரை மட்டும் குடுக்கவிடாதீங்க. காய்ச்சல் இருக்கணும் அக்கா. அது இருக்கிறவரைக்கும்தான் நான்."

"வந்துட்டேன்டி," என்றாள் அக்கா.

வெயில் அறைக்குள் இல்லை. ஜன்னல்கள் அடைத்திருந்தன. குளிர் அவளை உலுக்கி எடுத்தது, எலும்பெல்லாம் நொந்தது, அவள் அந்த நோவை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தொண்டை வலி இருக்கிறது. முதுகு வலி இருக்கிறது. விரல் தெறிக்கிறது. இருக்கிறது. எல்லாம் இருக்கிறது.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம். மாடிப்படியில் காலடி. வேகமாக, படபடவென்று, ஓர் இடத்திலும் நிற்காமல் ஏறி வந்தது.

கதவைத் திறந்துகொண்டு லேப் அக்கா உள்ளே வந்தாள். இரண்டு மாடி ஏறி வந்தவளின் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை.

"என்னடி, இப்படி வாடிப்போயிட்டே," என்றாள். குரல் தெளிவாக, இளமையாக இருந்தது.

அவள் கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். உதடுதான் அசைந்தது.

"காய்ச்சல் கொதிக்குது," என்றான் அவன், கவலையோடு.

"குறைச்சிடலாம். எதுக்கு இவ்வளவு பாடு படணும்?" அக்கா கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். தாடையைப் பிடித்துத் திறந்து நாக்கின் அடியில் வைத்து, தண்ணீர் புகட்டி, தொண்டையைத் தடவி விழுங்க வைத்தாள். கைதேர்ந்தவள். அவன் பாத்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொண்டுவந்து துணியை நனைத்து நெற்றியில் போட்டான். சூடேறச் சூடேற மாற்றினான். ஒரு நாளும் இவ்வளவு பொறுமையாக அவளைக் கவனித்ததில்லை. இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். போர்வையைச் சரிசெய்தார்கள். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார்கள்.

வியர்த்தது.

முதலில் கழுத்தில். பிறகு நெஞ்சில். குளிர் நின்றது. பல் கிட்டுவது நின்றது. முதுகு வலி எங்கே என்று தேடினாள். இல்லை. தொண்டையைத் தேடினாள். விழுங்கிப் பார்த்தாள். வழவழவென்று இறங்கியது.

விரல்.

விரலைப் பார்த்தாள். செங்கோடு மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க வெளிறியது. தெறிப்பு ஒன்று. அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி இருந்ததே இல்லை. வேண்டாம், என்று நினைத்தாள். அந்த நினைப்புகூட எங்கோ தூரத்தில், வேறு யாருடையதோபோல் கேட்டது.

அவன் துணியை எடுத்துவிட்டு, கட்டு அவிழ்ந்த உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தான். அப்படியே வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, நெடுநேரம் இருந்தான். தோலும் தோலும் ஒரே சூட்டில் இருந்தன. அவன் கை எங்கே முடிகிறது, தன் நெற்றி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஏதோ மிக மென்மையாக, அவசரமில்லாமல், உள்ளே வந்துகொண்டிருந்தது.

"விட்டுருச்சு," என்றான் அக்காவிடம். "காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சு."

கையை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான். அவள் தலை தலையணையைவிட்டு மேலே எழும்பி அந்தக் கையோடு கூடவே போனது.

இரண்டு பேருக்கும் வலிக்கவில்லை.